படம் எடுத்தவர் எங்கே நின்றார்?

இந்தியா கேட் பக்கம் போகும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் புல்வெளியில் உட்கார்ந்து, குழந்தைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிவிடுகின்றன. கூப்பிடு தூரத்தில் ஜெய்ப்பூர் ஹவுஸ் இருக்கிறது. 1954 முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் அங்கேதான் இயங்கி வருகிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்களைக் குதுப் மினாருக்கும் பிர்லா மந்திருக்கும் தவறாமல் அழைத்துப் போகிற நமக்கு, அந்த வாசல் மட்டும் ஏனோ கண்ணில் படுவதில்லை.

அபூர்வமாக உள்ளே போகிறவர்களும் ஓவியத்தின் முன் ஒரு மாதிரி, புகைப்படத்தின் முன் ஒரு மாதிரி நடந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஓவியம் என்றால், "நமக்கு இதெல்லாம் புரியாது" என்று அடக்கமாகச் சற்று நின்று பார்ப்பார்கள். புகைப்படம் என்றால் அந்த அடக்கம் போய்விடும். "இது நேரு, அது மவுண்ட்பேட்டன், இது யாரோ தெரியவில்லை" என்று ஆளைக் கண்டுபிடித்ததும் அடுத்த படம். நாற்பது படங்கள் இருபது நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஆளை அடையாளம் காண்பது போலீஸ்காரர் வேலை. படம் பார்ப்பது என்பது வேறு.

ரயில்வேயில் சர்வே வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த அளவைக் காட்டினாலும், "கருவியை எங்கே வைத்து எடுத்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்போம். தியோடலைட் நின்ற இடம் தெரியாவிட்டால் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் எண்களுக்கு அர்த்தமே இல்லை. கேமராவும் அப்படித்தான். நான் கலை படித்தவன் இல்லை, டிப்ளமோக்காரன். இருந்தாலும், படம் எடுத்தவர் எங்கே நின்றார், எப்போது பொத்தானை அமுக்கினார் என்ற இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு எந்தப் புகைப்படக் கண்காட்சிக்குள்ளும் தைரியமாக நுழையலாம் என்பது என் அனுபவம்.

நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சமதரையில் பலர் நிற்கும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அருகில் இருப்பவர், தூரத்தில் இருப்பவர் எல்லோருடைய தலையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்தால், கேமரா கண் உயரத்தில் இருந்திருக்கிறது. தலைகள் ஏறி இறங்கி, இடுப்புகள் மட்டும் ஒரே கோட்டில் அமைந்தால், கேமரா இடுப்பு உயரத்தில் இருந்திருக்கிறது. அப்போது அருகில் நிற்பவர் மற்றவர்களை விட ஓங்கி நிற்பதாகத் தெரிவார். தலைவர்கள் பழைய படங்களில் அவ்வளவு கம்பீரமாக இருப்பதற்கு அவர்கள் மட்டுமே காரணம் இல்லை. ரோலைஃப்ளெக்ஸ் கேமராவை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பார்கள். அந்த உயரமும் ஒரு காரணம்.

ரோலைஃப்ளெக்ஸ் என்றதும் ஹோமாய் வியாரவாலா நினைவுக்கு வருகிறார். நம் நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படுகிறவர். 1913-இல் குஜராத்தில் நவ்சாரியில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். பம்பாயில் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தார். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் பத்திரிகையில் வெளிவந்தன. 1942-இல் இருவரும் தில்லிக்குக் குடியேறினார்கள். நம்மைப் போலவே பிழைப்புக்காக வந்தவர்கள்தான்! 2010-இல் அவருடைய வாழ்நாள் பணியைத் தொகுத்து இதே ஜெய்ப்பூர் ஹவுஸ் வளாகத்தில் பெரிய கண்காட்சி நடந்தது. மறு வருஷம் பத்ம விபூஷண் கிடைத்தது. 2012 ஜனவரியில், தொண்ணூற்றெட்டாவது வயதில் காலமானார்.

அவர் பயன்படுத்திய இன்னொரு கேமரா ஸ்பீட் கிராஃபிக். எஞ்சினியர்களுக்கு அதைப் பார்த்தாலே கை அரிக்கும். ஒரு சட்டத்தில் இரண்டே ஃபிலிம் தகடுகள். ஒன்றை எடுத்ததும் சட்டத்தைத் திருப்பிப் போட வேண்டும். ஃபிளாஷ் பல்பு ஒரு தடவை எரிந்தால் தீர்ந்தது, சூடு ஆறுவதற்குள் கழற்றி வேறு மாட்ட வேண்டும். இத்தனையும் புடவை கட்டிக்கொண்டு, ஆண்கள் முண்டியடிக்கும் கூட்டத்தில். இன்றைக்குச் செல்ஃபோனில் ஒரே பிறந்தநாள் கேக்கை எழுபது தடவை எடுக்கிறோம். அவருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டோ மூன்றோ வாய்ப்புதான். ஆகவே எங்கே நிற்பது என்பதை முன்னாலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

இப்போது அவருடைய புகழ்பெற்ற படம் ஒன்றைப் பாருங்கள். தில்லி நேஷனல் ஸ்டேடியத்தில் 1950-களின் நடுவில் நடந்த விழாவில் நேரு வெண்புறாவைப் பறக்கவிடுகிறார். பறவை கையை விட்டுப் போய்விட்டது. கைகள் இன்னும் கீழே இறங்கவில்லை. அரை வினாடி முந்தியிருந்தால் பறவை பிடித்த ஒரு மனிதர். அரை வினாடி பிந்தியிருந்தால் வெறும் வானத்தை அண்ணாந்து பார்க்கும் ஒரு மனிதர். கொடுப்பதும் பிரிவதும் சேர்ந்திருக்கும் அந்த ஒரு கணம்தான் படம்.

இன்னொன்று வேடிக்கையானது. பாலம் விமான நிலையத்தில் நேரு காத்திருக்கிறார். பக்கத்திலேயே, புகைப்படம் எடுப்பது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது என்று ஒரு பலகை! அந்த அம்மாள் இரண்டடி தள்ளி நின்றிருந்தால் பலகை ஒதுங்கிப் போய், ஒரு பிரதம மந்திரி சும்மா நிற்கும் சாதாரணப் படம் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது படத்தில் சிரிப்புக்கு இடமில்லை. 1947 ஜூன் மாதம், பிரிவினைத் திட்டத்தை ஏற்கும் காங்கிரஸ் கூட்டத்தில் கை தூக்கி வாக்களிக்கிறார்கள். பாட நூலில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போகிற விஷயம் இங்கே தூக்கிய கைகளாக நம் கண்முன் நிற்கிறது. அந்தக் கைகள் இறங்கிய பிறகு வந்தவர்கள்தான் நம் லாஜ்பத் நகர் பஞ்சாபி அண்டை வீட்டார். அந்தப் படத்தின் முன் ஐந்து நிமிஷமாவது நிற்க வேண்டும் என்பேன்.

பொத்தானை அமுக்குவது எப்போது என்பது ஒன்று. எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பது இன்னொன்று. இதற்கு ரகு ராய் எடுத்த சர்ச்கேட் ஸ்டேஷன் படத்தை விடப் பொருத்தமான பாடம் கிடையாது. அவரும் சிவில் எஞ்சினியரிங் படித்துவிட்டுக் கேமராவுக்கு வந்தவர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை! 1995-இல் எடுத்த படம். லோக்கல் ரயில் கூட்டம் புகைபோலக் கலங்கி ஓடுகிறது. நடுவே செய்தித்தாள் படிப்பவர்கள் மட்டும் தெளிவாக இருக்கிறார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. சாதாரணமாக நடக்கும் ஆள் வினாடிக்கு சுமார் 125 சென்டிமீட்டர் போவார். ஷட்டர் 1/125 வினாடி திறந்தால் அவர் நகர்வது 1 சென்டிமீட்டர்தான், படத்தில் நின்றவர் மாதிரியே தெரிவார். முழு வினாடி திறந்தால் 125 சென்டிமீட்டர் நகர்ந்து ஆவியாகிவிடுவார். பேப்பர் படிப்பவர் அசையவில்லை, ஆகவே மிஞ்சினார். எழுத்தும் முகமும் கலங்காததால், கேமராவும் ஏதோ ஒன்றின் மேல் அசையாமல் இருந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். ஸ்டேஷன் கூட்டத்தை ஆயிரம் பேர் படம் எடுத்திருக்கிறார்கள். அவசரத்தையே படமாக எடுக்க இவருக்குத் தோன்றியது.

இனிச் சொல்லப்போவது குழந்தைகளுக்கு வேண்டாம், பெரியவர்களுக்கு. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபாலில் விஷவாயு கசிந்தது. அதன் பின், பெயர் தெரியாத ஒரு குழந்தையை மண்ணில் புதைக்கும் காட்சியை ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியுவும் படம் எடுத்தார்கள். ஒருவருடையது கறுப்பு வெள்ளை, மற்றவருடையது வண்ணம். வண்ணப் படத்துக்கு அந்த ஆண்டின் சிறந்த படம் என்ற உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது கிடைத்தது. ரகு ராயின் படத்தில் ஒரு கையும் இருக்கிறது. புதைக்க மனமில்லாமல் கடைசியாக ஒரு தடவை தொடும் கை. அந்தக் கை யாருடையது என்று படம் சொல்லவில்லை. இங்கே தலைக்கோடு, இடுப்புக்கோடு ஒன்றும் கிடையாது. கேமரா நேராகக் குழியைப் பார்க்கிறது. அதாவது, எடுத்தவர் குழியின் விளிம்பில் நின்றார், இப்போது நாமும் அங்கே நிற்கிறோம்.

அங்கே ஒரு மனிதர் கேமராவோடு நிற்கலாமா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். நிற்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. எத்தனையோ அறிக்கைகளும் வழக்குக் கட்டுகளும் வந்தன. போபால் என்றால் இன்றும் உலகத்துக்கு நினைவு வருவது அந்த முகம்தான். ஆனால் ஒப்புக்கொள்ளாமல் வாதாடுகிறவர்களையும் நான் மதிக்கிறேன். எங்கள் வீட்டில் அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். திங்கட்கிழமை கலைக்கூடம் விடுமுறை. படத்தின் கீழே இருக்கும் குறிப்பைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் கண் வேலை செய்யாது, காதுதான் வேலை செய்யும். கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்தால் ஓரடி பக்கவாட்டில் நகருங்கள். எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று கங்கணம் கட்டிக்கொள்ள வேண்டாம். ஒரு தடவை சுற்றி வந்து, நம்மை நிறுத்திய ஐந்து படங்களுக்கு மட்டும் திரும்பிப் போனால் போதும். குழந்தைகளிடம், "இதை எடுத்த மாமா எங்கே நின்றிருப்பார், காட்டு பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். ஏணி, மாடி, மரக்கிளை என்று என்னென்னவோ சொல்லும். பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு பரணிலிருக்கும் ஆல்பத்தையும் இறக்கிப் பாருங்கள். குளிர்காலத்தில் ஸ்வெட்டர் போட்டு, லோதி தோட்டத்தில் அம்மாவும் பிள்ளைகளும் வரிசையாக நிற்பார்கள். ஊருக்குத் தாத்தா பாட்டிக்கு அனுப்புவதற்காக எடுத்த படங்கள் அவை. பல வீடுகளில் பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் அப்பா இருக்க மாட்டார். அவருடைய நிழல் மட்டும் சில படங்களில் புல்லின் மேல் நீண்டு, குழந்தைகளின் கால் வரை வந்திருக்கும்.