திரும்பும் நேரம்: ஒரு பகல் மலையேற்றத்தின் கணக்கு

காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடும் மலையேற்றத்தைப் பலரும் சற்றே நீண்ட நடையாகக் கருதுவதால், கூடாரமும் சமையல் பொருளும் தேவைப்படாத பயணத்துக்கு ஆயத்தமும் தேவையில்லை என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றனர். ஆனால் காட்டில் இரவு தங்கத் திட்டமிட்டுச் செல்பவரிடம் விளக்கும் கம்பளியும் உணவும் இருக்கும். மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம் என்று சென்று இருட்டில் சிக்கிக்கொள்பவரிடமோ இவற்றில் ஒன்றும் இராது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் செல்வோர் விலங்குகளைப் பற்றி அஞ்சும் அளவுக்கு நேரத்தைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே இங்கு முதன்மையான குறை.

மலையில் தூரத்தை மட்டும் வைத்து நேரத்தைக் கணிக்க இயலாது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த எளிய விதியின்படி, ஐந்து கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரமும், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரமும் கூட்டிக்கொள்ள வேண்டும். போகவர 12 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் கொண்ட ஒரு பாதைக்கு இவ்விதி ஏறத்தாழ நான்கு மணி நேரம் என்று சொல்லும்; ஆனால் அது பழகிய கால்களுக்கான கணக்கு. அலுவலக நாற்காலியிலிருந்து நேராக மலைக்கு வருபவர்கள் இதனை ஒன்றரை மடங்காக்கி, ஓய்வுக்கும் உணவுக்கும் மேலும் ஒன்றரை மணி நேரம் சேர்த்தால் ஏழரை மணி நேரமாகிறது. காலை ஆறரைக்குப் புறப்பட்டவர் இரண்டு மணிக்கு அடிவாரத்தில் இருப்பார். பத்து மணிக்குப் புறப்பட்டவருக்கு மாலை ஐந்தரை ஆகிவிடும். தமிழ்நாட்டில் சூரியன் மறைந்த அரை மணி நேரத்துக்குள் இருள் சூழ்ந்துவிடுகிறது. மரங்கள் அடர்ந்த சோலைக்காட்டுக்குள் அதற்கு முன்பே பாதை மங்கிவிடும். எனவே உச்சியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் திரும்பியே ஆக வேண்டிய நேரம் ஒன்றைப் புறப்படும் முன்பே குறித்துக்கொண்டு, குழுவினர் அனைவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது திரும்புவது கடினம் என்பதால்தான் இம்முடிவை அடிவாரத்திலேயே எடுப்பது நல்லது.

சீக்கிரம் புறப்பட வேண்டும் என்பதற்காக இருட்டிலேயே காட்டுக்குள் நுழைவதும் சரியன்று. யானைகள் பெரிதும் நடமாடும் வேளைகளுள் விடியலுக்கு முந்திய பொழுதும் ஒன்று. கோடையில் பிற்பகலில் இடிமேகங்கள் திரள்வது வழக்கமாதலால், திறந்த புல்வெளி உச்சிகளை நண்பகலுக்குள் கடந்துவிடுவது நலம். மின்னலைக் கண்ட முப்பது நொடிகளுக்குள் இடியோசை கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கிறது என்று பொருள். முகட்டையும் தனி மரத்தையும் விட்டு உடனே கீழிறங்க வேண்டும்.

தீயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் குரங்கணி மலைச்சரிவில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. சரிவில் எரியும் தீயின் வெப்பம் மேல்நோக்கிச் சென்று, மேலேயுள்ள காய்ந்த புல்லை முன்கூட்டியே சூடேற்றி எரியத் தயாராக்கிவிடுகிறது. இதனால் சரிவு பத்துப் பாகை கூடும்போதெல்லாம் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆகவே மேல்நோக்கி ஓடித் தீயை வெல்வது மனிதரால் இயலாத செயல். பக்கவாட்டில் விலகி, ஏற்கெனவே எரிந்து தணிந்த நிலத்தையோ, புல்லற்ற அகன்ற பாறையையோ அடைய முயல வேண்டும். குறுகிய ஓடைப் பள்ளங்கள் புகைபோக்கியைப் போல அனலை மேலே இழுப்பதால் அவற்றுக்குள் ஒதுங்கக் கூடாது. செயற்கை இழை ஆடை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வறண்ட காலத்துக்குப் பருத்தியே ஏற்றது. மழைக்காலத்திலோ நனைந்த பருத்தி உடல் வெப்பத்தை உறிஞ்சிக் குளிர வைத்துவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறு பாகை செல்சியஸ் அளவுக்குக் குறையும் இடத்தில் இது சிறிய செய்தியன்று. எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும் ஒரே ஆடை என ஒன்றில்லை.

தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் மேல்மலையில் பெய்த மழை காட்டாற்றைச் சில நிமிடங்களில் பெருக்கிவிடும். 2015 மே மாதம் சதுரகிரிக்குச் சென்ற பக்தர்கள் இத்தகைய வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்தனர். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், இரைச்சல் கூடுவதும் முன்னறிகுறிகள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் இறங்காமல், வடியும்வரை கரையிலேயே காத்திருக்க வேண்டும்.

பையில் இருக்க வேண்டியவை சிலவே: ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், வியர்வையில் இழக்கும் உப்பை ஈடுசெய்யும் ஓஆர்எஸ் பொட்டலங்கள், தலைவிளக்கு, விசில், மழைச்சட்டை, கட்டுத்துணி. பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ உறிஞ்சுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, இயன்றவரை கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிவந்து அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இந்தியாவில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கெனத் தயாரிக்கப்படுவது. மலைக்காட்டுக் குழிவிரியன்களுக்கு அது பயன்படாது என்பதால், பார்த்து மிதிக்கும் பழக்கமே அங்கு முதல் மருந்து.

கைப்பேசி கோபுரம் எட்டாத இடத்தில் சிக்னலைத் தேடித் தேடியே மின்கலம் தீர்ந்துவிடுமாதலால், கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்திருந்து, தேவைப்படும்போது முகட்டில் நின்று 112-ஐ அழைக்கலாம். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது மலையேறிகள் உதவி கேட்கும் குறியாகும்.

குரங்கணி விபத்துக்குப் பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு தனி விதிகளை வகுத்தது. 2024-இல் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் நாற்பது பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என வகைப்படுத்தப்பட்டு, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் உள்ளிட்டோர் வழிகாட்டிகளாக உடன் செல்கின்றனர். அனுமதிச் சீட்டை வெறும் கட்டணமாக எண்ணி அதைத் தவிர்த்துக் காட்டுக்குள் நுழைபவர், தம்மைத் தேடுவதற்கான ஒரே ஆவணத்தைத் தாமே இல்லாமல் செய்துவிடுகிறார். செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடமேனும் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். இறங்கியதும் அவருக்கு மறவாமல் தகவல் சொல்லுங்கள். இல்லாவிட்டால், பத்திரமாக ஊர் திரும்பிவிட்டவரைத் தேடி வனத்துறைப் பணியாளர்கள் இரவெல்லாம் காட்டில் அலைய நேரிடும்.