பெயருக்குப் பின்னால் ஒரு ‘சான்’

மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துக் காலனிகளிலிருந்து மதுரைக்குப் படிக்க வரும் மாணவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்: “ஜப்பான் மொழி படிக்கலாமா? நமக்கெல்லாம் அது வருமா?” முதல் கேள்விக்குத் தகவல் போதும். இரண்டாவது கேள்வியில் இருக்கும் ‘நமக்கெல்லாம்’ என்ற சொல்தான் உறுத்துகிறது. அதற்கே முதலில் பதில் சொல்வோம்.

வரும். ஆங்கிலத்தைவிட எளிதாகவே வாக்கியம் அமைக்க வரும். ‘வதாஷி வா மிஸு ஓ நோமிமாஸ்’ என்றால் ‘நான் தண்ணீரைக் குடிக்கிறேன்’. வதாஷி நான், மிஸு தண்ணீர், நோமிமாஸ் குடிக்கிறேன். நடுவில் வரும் ‘ஓ’ நம் ‘ஐ’ வேற்றுமை போன்றது. சொற்களின் வரிசை தமிழில் உள்ளதே. ‘மதுரை கரா கிமாஷிதா’ என்றால் ‘மதுரையிலிருந்து வந்தேன்’. கடைசியில் ஒரு ‘கா’ சேர்த்தால், நாம் ‘ஆ’ சேர்ப்பது போல, அது கேள்வியாகிவிடும். ஆங்கில வழியில் படிக்கவில்லையே என்ற தாழ்வு மனப்பான்மைக்கு இந்த வகுப்பில் வேலையே இல்லை.

ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) இந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் தமிழ் படித்தார். பேராசிரியர் பொற்கோ அவருக்குத் துணை நின்றார். நம் பொங்கலையும் ஜனவரி 15இல் வரும் ஜப்பானியரின் சிறு புத்தாண்டுச் சடங்குகளையும் ஓனோ ஒப்பிட்டு எழுதினார். இரு மொழிகளும் ஒரே வேரில் பிறந்தவை என்ற அவர் முடிவை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனால் வாக்கிய அமைப்பு ஒத்துப்போவதை வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே உணரலாம்.

கடினமான இடங்களும் உண்டு. ஹிரகானா 46 எழுத்து, கதகானா 46 எழுத்து. இவற்றை ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். அ, இ, உ, எ, ஒ என்றுதான் தொடங்கும். பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போன வரிசை அது. தமிழில் ஒரே ‘க’வை இரண்டு விதமாக ஒலிக்கிறோம். அங்கே இரண்டும் வேறு வேறு. மாற்றிச் சொன்னால் பொருள் மாறும். மூன்றாவது, சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்து. அதன் பெயரே நம் காதுக்குக் ‘கஞ்சி’ என்றுதான் கேட்கும். பொதுப் பயன்பாட்டில் 2,136 உண்டு. தினமும் ஐந்து எழுத்து எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

‘அவர்’, ‘அவன்’ இல்லாத வினை

நம் ஊர்களில் அறுபது வயது தலித் பெரியவரைப் பத்து வயதுப் பையன் ‘வாடா, போடா’ என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ‘குடிக்கிறான்’, ‘குடிக்கிறார்’ என்ற விகுதியிலேயே சாதி தெரிந்துவிடும். ஜப்பானிய வினைக்கு அந்த விகுதி இல்லை. நான், நீ, அவர், யார் குடித்தாலும் ‘நோமிமாஸ்’தான். வகுப்பில் ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னாலும் ‘சான்’ என்ற மரியாதைச் சொல் சேரும். பிறருக்குத்தான் அதைச் சேர்க்க வேண்டும், தன் பெயருக்குச் சேர்க்கக் கூடாது. பிறருக்கு மரியாதை தருவதுதான் முதல் பாடம்.

இதை வைத்து ஜப்பான் சமத்துவ பூமி என்று நினைத்துவிடக் கூடாது. மேலதிகாரி, வாடிக்கையாளர் என்று ஆள் பார்த்து மாறும் உயர் மரியாதைப் பேச்சு பின்னால் வரும். அதைவிட முக்கியமானது, நாம் கட்டாயம் படிக்க வேண்டிய ‘புராகு’ மக்களின் வரலாறு. தோல் பதனிடுதல், மாடு அறுத்தல், பிணம் தொடர்பான வேலைகள் என்று ஒதுக்கப்பட்டுத் தனிக் குடியிருப்புகளில் வைக்கப்பட்டவர்கள் அவர்கள். நிறமும் மொழியும் மற்ற ஜப்பானியருடையதே. 1871இல் அரசாணை அந்த இழிநிலையைச் சட்டப்படி ஒழித்தது. வழக்கம் ஒழியவில்லை. புராகு குடியிருப்புகளின் பெயர்ப் பட்டியலை நிறுவனங்கள் ரகசியமாக விலைக்கு வாங்கி, அங்கிருந்து வருவோருக்கு வேலை மறுத்தது 1975இல் அம்பலமானது. மதுரையில் வாடகைக்கு வீடு தேடும்போது “எந்த ஊர், எந்தத் தெரு?” என்று கேட்கிறார்களே, அதே கேள்விதான். புராகு பாகுபாட்டை ஒழிப்பதற்கென 2016இல்கூட அங்கே ஒரு தனிச் சட்டம் தேவைப்பட்டது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் கூடி ‘சுய்ஹெய்ஷா’ என்ற விடுதலை அமைப்பைத் தொடங்கினார்கள். ‘சுய்ஹெய்’ என்பதை எழுதும் முதல் எழுத்து தண்ணீர், இரண்டாவது சமம். தேங்கிய தண்ணீர் போல மேடு பள்ளம் இல்லாத சமூகம் வேண்டும் என்பது பொருள். ஐந்தாண்டு கழித்து, 1927 மார்ச் 20 அன்று, அண்ணல் அம்பேத்கர் மகத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். ‘மிஸு’ என்று எழுதப் பழகும் மாணவர், ஒரு போராட்டத்தின் பெயரில் பாதியையும் சேர்த்தே எழுதுகிறார்.

எங்கே படிப்பது?

டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியில் பி.ஏ. ஆனர்ஸ் உண்டு. அரிச்சுவடியிலிருந்தே தொடங்குவார்கள், முன்பே தெரிந்திருக்கத் தேவையில்லை. சேர ‘கியூட்’ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சாந்திநிகேதனின் விஸ்வபாரதியிலும் ஜப்பானியத் துறை இருக்கிறது. இவை மத்தியப் பல்கலைக்கழகங்கள். பட்டியல் சாதியினருக்கு 15 சதவீத இடம் உண்டு. சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் பிளஸ் 2 படிக்கும்போதே வாங்கி வைக்க வேண்டும். ஜப்பான் அரசின் ‘மெக்ஸ்ட்’ உதவித்தொகை கிடைத்தால், அங்கேயே ஓராண்டு மொழி கற்பித்து, பிறகு பட்டப்படிப்பில் சேர்ப்பார்கள். கல்விக் கட்டணம் இல்லை. விவரங்களைச் சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தில் கேட்கலாம்.

வேறு பட்டம் படித்துக்கொண்டே மொழி கற்போருக்கு ‘ஜேஎல்பிடி’ தேர்வு இருக்கிறது. என்5இல் தொடங்கி என்1 வரை ஐந்து படிகள். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும். சென்னையில் மையம் உண்டு.

முதியோர் பராமரிப்பு உள்ளிட்ட வேலைகளுக்கு ஆள் அனுப்ப 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் ஒப்பந்தம் செய்தன. பொதுவாக என்4 அளவு மொழியும் தொழில் தேர்வும் கேட்பார்கள். இதைச் சொல்லி லட்சக்கணக்கில் பணம் பிடுங்கும் தரகர்களும் கிளம்பிவிட்டார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் முகவரின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ரசீது தராதவரிடம் தாலியையும் நிலத்தையும் அடகு வைத்த பணத்தைக் கொடுக்காதீர்கள்.

‘நமக்கெல்லாம் வருமா’ என்ற தயக்கத்தை நமக்குள் விதைத்தது எந்த மொழியும் அல்ல, நம் ஊர்தான். முதல் வகுப்பில் எழுந்து நின்று சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: பெயர், பிறகு ‘மதுரை கரா கிமாஷிதா’. தெருவைச் சொல்லத் தேவையில்லை. யாராவது கேட்டால், அந்தக் கேள்வி ஜப்பானிலும் கேட்கப்பட்டது, அங்கேயும் எதிர்த்து நின்றார்கள் என்று சொல்ல இப்போது நமக்குத் தெரியும்.