பழைய டிராக்டரை ஓட வைக்குமுன் நிற்க வையுங்கள்!

மலாக்கா பட்டணத்துக்கு வடக்கே குருபோங் பக்கம் போய் வந்திருக்கிறீர்களா? 1896-இல் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் வியாபார முறையில் முதன்முதலாக ரப்பர் நட்டாரே, அந்த மலாக்கா மாநிலம்தான் இது. அந்த ரப்பரை நம்பி நம் பாட்டன்மார் பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள். இன்று குருபோங்கில் நிரை நிரையாக நிற்பவை பெரும்பாலும் தாமான் வீடுகளும் தொழிற்சாலைகளும்தான். ஆனாலும் இந்த வட்டாரத்திலும், மலாக்காவின் மற்ற மூலைகளிலும், ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கர் செம்பனையோ, மாட்டுக் கொட்டகையோ, காய்கறித் தோட்டமோ வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இல்லாமல் போகவில்லை.

அப்படிப்பட்டவர்களின் கண்ணில் என்றாவது ஒரு நாள் படும் பொருள் ஒன்று உண்டு. ஒரு பழைய செட்டுக்குப் பின்னால், லாலான் புல் மூடி, டயர் வற்றி, நிறம் வெளுத்து நிற்கும் ஒரு சின்ன டிராக்டர். முன்னால் மண் அள்ளும் லோடர் வேறு பூட்டியிருந்தால் ஆசை இரட்டிப்பாகும். சாணம் அள்ளலாம், வாய்க்கால் மண் தள்ளலாம், வெட்டிப் போட்ட மட்டைகளை ஒதுக்கலாம். "பழைய இரும்புக்காரனுக்குப் போவதற்கு முன் நாமே வாங்கிச் சரிசெய்தால் என்ன?" என்று மனம் கணக்குப் போடும்.

நல்ல எண்ணம்தான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஆனால் இந்த யானை, பழக்கத் தெரியாதவனைக் கொன்றும் விடும். ஆகவேதான் இந்தக் கட்டுரை. இது ஆண்கள் சமாச்சாரம் என்று தாய்மார்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். டிராக்டரின் மட்கார்டிலும் லோடர் பக்கெட்டிலும் ஏறி உட்கார ஆசைப்படுவது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தானே?

சின்ன வண்டியின் பெரிய கதை

அமெரிக்காவில் புல் வெட்டுகிற குட்டித் தோட்ட டிராக்டர்களுக்கே லோடர் பூட்டி வேலை வாங்குகிறார்கள். நம் பக்கம் அந்த இடத்தில் நிற்பவை மஸ்ஸி பெர்குசன் போன்ற சிறு டிராக்டர்களும், பின்னால் வந்த ஜப்பானியக் குபோட்டாக்களும்தாம்.

இவற்றில் மூத்தது பெர்குசன் டி.இ. 20. ஹாரி பெர்குசன் என்பவரின் திட்டப்படி 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 5 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. எடை ஏறக்குறைய 1,100 கிலோதான். எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4-ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தது எந்த வண்டியில் தெரியுமா? சங்கிலிப் பட்டை மாட்டிய இந்தக் குட்டி டிராக்டரில்தான்!

அதன் வாரிசுகளே மஸ்ஸி பெர்குசன் 35-உம், 1964-இல் வந்த 135-உம். இவற்றுக்கும் நம் தமிழகத்துக்கும் ஓர் உறவு உண்டு. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மஸ்ஸி பெர்குசன் டிராக்டர்களை இந்தியாவிலேயே செய்யத் தொடங்கியது. பாகிஸ்தானில் மில்லட் நிறுவனமும், பழைய யூகோஸ்லாவியாவில் ஐ.எம்.டி. நிறுவனமும் இதே குடும்பத்து வண்டிகளைச் செய்தன. இதனால் நமக்கு என்ன லாபம்? இங்கிலாந்தில் அந்த மாடல்கள் நின்று பல்லாண்டு ஆன பிறகும் உதிரிப் பாகம் கிடைக்கிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: நாட்டுக்கு நாடு சிறு மாற்றங்கள் உண்டு. கடைக்குப் போகும்போது பழைய பாகத்தையும், வண்டியின் எண் தகட்டில் உள்ள எண்ணையும் மறவாமல் கொண்டு போங்கள்.

வாங்குமுன் எங்கே பார்ப்பது?

பலர் முதலில் எஞ்சினைத்தான் கேட்பார்கள். "ஸ்டார்ட் ஆகுமா?" என்பதோடு பேரம் முடிந்துவிடும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் முதுகெலும்பை.

லாரிக்கு அடியில் நீளமான இரும்புச் சட்டம் இருக்கும். இந்த டிராக்டர்களுக்கு அது கிடையாது. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர் பெட்டி, பின் அச்சு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று போல்ட்டு போட்டு இணைக்கப்பட்டு, அவையே சட்டமாக நிற்கின்றன. எல்லாம் வார்ப்பிரும்பு. ஒழுங்கான லோடர், தன் பாரத்தைப் பின் அச்சு வரைக்கும் இழுத்துச் செல்லும் இரும்புத் தாங்கிகளோடு வரும். யாரோ பட்டறையில் அவசரத்துக்குச் செய்து, எஞ்சினின் முன்பக்கத்தில் மட்டும் முடுக்கிய லோடராக இருந்தால், ஒவ்வொரு பக்கெட் மண்ணும் அந்த வார்ப்பிரும்பை வளைக்கப் பார்க்கும். எஞ்சினும் கிளட்ச் கூடும் சேரும் இடத்தில் அழுக்கைச் சுரண்டித் துடைத்துப் பாருங்கள். மயிரிழை போல் வெடிப்புக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது முன் அச்சு. லோடரின் பாரமெல்லாம் அதன் தலையில்தான். ஜாக்கி வைத்து உயர்த்தி, கட்டை கொடுத்த பின், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். தடதடவென்று ஆடினால் பேரிங்கும் கிங்பின்னும் தேய்ந்திருக்கின்றன. அவற்றை மாற்றிவிடலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

முதல் வேலை பிரேக்

வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. எஞ்சினை முழங்க வைத்துப் பார்க்க மனம் துடிக்கும். பொறுங்கள். நிற்கத் தெரியாத வண்டி ஓடக் கூடாது.

இந்தப் பழைய டிராக்டர்களுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் உண்டு. இதை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். லோடரில் மண் ஏறும்போது என்ன நடக்கிறது? பிள்ளைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம்தான் நடுக்கட்டை. முன்னே பாரம் ஏற ஏறப் பின்பக்கம் எழும்பும். கால் கன மீட்டர் ஈர மண் 400 கிலோவைத் தாண்டும். 1,100 கிலோ வண்டிக்கு முன்னால் 400 கிலோவைத் தொங்க விட்டால் பின்சக்கரம் தரையை எப்படி அழுத்தும்? மேட்டிலிருந்து இறங்கும்போது நீங்கள் பிரேக்கை மிதிப்பீர்கள், சக்கரமும் நிற்கும், வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டே போகும்!

ஆகவே லோடர் வண்டியில் பின்பாரம் என்பது அலங்காரம் அல்ல. அது பிரேக்கின் ஒரு பாகம். பின்னால் உள்ள மூன்று பிடிக் கம்பிகளில் சிமெண்டுக் கட்டி மாட்டலாம். சக்கரத்தில் இரும்பு எடை பூட்டலாம். பின் டயரில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பலாம். குளிர் நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்க மருந்து கலப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை.

பிரேக்கைப் பிரிக்கும்போது இன்னொரு கவனம். பழைய பிரேக், கிளட்ச் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டி எறியுங்கள். நுரையீரலுக்கு உதிரிப் பாகம் கடையில் கிடைக்காது.

ஊசிமுனையில் நஞ்சு

பிரேக்குக்கு அடுத்தது ஹைட்ராலிக். லோடரைத் தூக்குவது எண்ணெயின் அழுத்தம். அது சதுர அங்குலத்துக்கு 2,000 பவுண்டு அளவை எட்டக்கூடியது. வெயிலில் காய்ந்து வெடித்த பழைய ஹோஸ்களை ஒன்றுகூட விடாமல் மாற்றுங்கள். துணி சுற்றி, கம்பி கட்டி ஒப்பேற்றும் வேலை இங்கே வேண்டவே வேண்டாம்.

குழாயில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத கம்பியாகப் பாயும். எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்த்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்தியது போல் ஒரு புள்ளி. முதலில் வலியும் அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே சதை அழுகத் தொடங்கி, விரலையே வெட்டும்படி ஆகலாம். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டைப் பிடியுங்கள். மீறிப் பட்டுவிட்டால் மஞ்சள் பூசிக்கொண்டு உட்காராமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி, "அழுத்த எண்ணெய் உள்ளே போய்விட்டது" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

குழாயைக் கழற்றுமுன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லிவரை முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். தூக்கி நிற்கும் லோடருக்கு அடியில், இரும்புத் தாங்கி கொடுக்காமல் தலையை நுழைக்காதீர்கள். "இன்னும் கொஞ்சம் தூக்கட்டுமே" என்று அழுத்தக் காப்பு வால்வை முடுக்காதீர்கள். அந்த வால்வு வண்டியின் பொறுமைக்கு எல்லை.

மஸ்ஸி பெர்குசன் 35, 135 வண்டிகளில் கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக் பம்புக்கும் ஒரே எண்ணெய்தான். அது பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். முழுவதையும் வடித்து, வடிகட்டியைக் கழுவி, புது எண்ணெய் விடுங்கள்.

இனி எஞ்சினுக்கு வரலாம்

35-இல் தொடக்கத்தில் 4 சிலிண்டர் டீசல் எஞ்சின் வந்தது. ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் என்று பெயர் வாங்கியது. பிறகு 1959-இல் வந்த 3 சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின்தான் அந்த வண்டிக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. வாங்கும்போதே சிலிண்டரை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

நெடுநாள் நின்ற டீசல் வண்டிக்குப் பழைய டீசலை வடித்து, பில்டரை மாற்றி, குழாயில் உள்ள காற்றை வெளியேற்றினாலே பாதி நோய் தீரும். முதலில் கையால் சுற்றி, எஞ்சின் இறுகவில்லை என்று உறுதி செய்த பிறகே ஸ்டார்ட்டரைத் தொடுங்கள்.

ஸ்டார்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. டி.இ. 20-இல் கியர் லிவரையே ஒரு தனி இடத்துக்குத் தள்ளினால்தான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். அதாவது கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகவே ஆகாது. எத்தனை அழகான யோசனை! சுவிட்சு கெட்டுப் போனால், தரையில் நின்றபடி ஸ்டார்ட்டரில் ஸ்பானரை வைத்துப் பொறி கிளப்புவார்கள் சிலர். வண்டி கியரில் இருந்தால் எதிரே நிற்பவர் மேலேயே ஏறிவிடும். அந்தக் காப்புச் சுவிட்சைச் சரிசெய்யாமல் வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

கவிழ்ந்தால் யார் காப்பது?

புது டிராக்டர்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டம் கட்டாயம் என்று முதலில் சட்டம் போட்ட நாடு சுவீடன், ஆண்டு 1959. பிரிட்டன் 1970-இல் பின்தொடர்ந்தது. அதற்கு முந்திய வண்டிகளில் பெரும்பாலும் ஓட்டுபவர் தலைக்கு மேல் ஆகாயம்தான். உங்கள் மாடலுக்கென்று சோதித்துச் செய்த சட்டத்தை வாங்கிப் பூட்டுங்கள். கூடவே சீட் பெல்ட்டும் வேண்டும். பழைய இரும்புக் கடைக் குழாயை வளைத்து வெல்டிங் வைப்பது நிழலுக்கு ஆகும், உயிருக்கு ஆகாது.

ஓட்டும்போது பக்கெட் முழங்காலுக்கு மேல் போக வேண்டாம். உயரத் தூக்கிய மண்ணோடு திரும்பினால், ஒரு சக்கரம் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் வண்டி சாயும். பாரத்தோடு மேடு ஏறும்போது முன்புறமாக ஏறுங்கள்; இறங்கும்போது பின்புறமாக இறங்குங்கள். பாரம் எப்போதும் மேட்டுப் பக்கமே இருக்கட்டும். வேலை முடிந்ததும் பக்கெட் தரையில், சாவி உங்கள் பையில். இந்த வண்டியில் இருக்கை ஒன்று, ஆளும் ஒன்று. பேரப்பிள்ளை அழுதாலும் சரி, மட்கார்டில் ஏற்றாதீர்கள். பொதுச் சாலையில் இறக்குவதானால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவும் லைசென்சும் இருக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

பெயின்ட் கடைசியில்

பிரேக், பின்பாரம், ஹைட்ராலிக், காப்புச் சட்டம், எஞ்சின் எல்லாம் முடிந்த பிறகே சிவப்புப் பெயின்ட் டப்பாவைத் திறங்கள். முதலிலேயே பெயின்ட் அடித்தால் வெடிப்பும் கசிவும் மறைந்து போகும். விற்பவர்கள் அவசரமாகப் பெயின்ட் அடிப்பதும் சில வேளை அதற்காகத்தான்!

இன்னொன்று. இந்த வேலைக்கு ஆள் எங்கே என்று தேடி அலைய வேண்டாம். தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் ஸ்பானர் பிடித்தவர்களும், டிராக்டர் ஓட்டிய தண்டல்களும் இன்று தாமான் வீட்டு வாசலில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார்கள். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் காது அவர்களுக்கு உண்டு. தோட்டம் கைமாறியபோது அந்த அறிவுக்கு யாரும் விலை போடவில்லை. போய், "அண்ணே, ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பள்ளி விடுமுறையில் இருக்கும் பையனையும் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்தி, அவர் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். டிராக்டர் இன்னும் இருபது வருஷம் ஓடலாம், ஓடாமலும் போகலாம். அந்த நோட்டுப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள்.