கிறிஸ்து பிறப்பும் நம் மறுபிறப்பும்



பாலன் இயேசுவின் பிறப்பைக் கொண்டாடும் நாம், நமது மறுபிறப்பையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். திருமுழுக்கு என்னும் அருட்சாதனத்தால் நாம் இறைவனின் பிள்ளைகளாகப் புதிதாய்ப் பிறக்கிறோம்.

இது வெறும் சடங்கு அன்று என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. நமது செஞ்சிச் சீமையிலும் மறைப்பணி ஆற்றிய புனித அருளானந்தர் பின்னர் மறவ நாடு சென்றார். அங்கே கடும் நோயுற்றிருந்த தடியத்தேவர், உபதேசியார் நற்செய்தி வாசித்துச் செபித்தபின் குணமடைந்து, திருமுழுக்குக் கேட்டார். ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்றார் குருவானவர். பல மனைவியர் கொண்டிருந்த தேவர் அதற்கும் இசைந்தார். 1693 சனவரி 6, மூவரசர் திருநாளன்று திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் சேதுபதியிடம் முறையிட, அருளானந்தர் கைதாகி, பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டு மறைசாட்சியானார்.

உடல் நலம் பெற்றதோடு தேவர் நின்றுவிடவில்லை, வாழ்வையே மாற்றிக்கொண்டார். அதுவே மறுபிறப்பு.

திருமுழுக்கு ஒருமுறைதான். பாவத்தால் இழந்த அருளை ஒப்புரவு திரும்பத் தருகிறது. நற்கருணை அதை வளர்க்கிறது. நோயில்பூசுதல் நோயாளரைத் திடப்படுத்துகிறது. முன்பு ‘அவஸ்தைப்பூசுதல்’ எனப்பட்ட இது, சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக்கியது. இருந்தும் பலர் குருவை அழைக்க அஞ்சி, நோயாளி நினைவிழந்த பின்பே தேடி வருகின்றனர். தாமதியாதீர்கள்.

மருந்துக்கு உங்கள் காணிக்கை உதவுகிறது. கோட்டை அடிவாரத்தில் விழா நாளையும் படுக்கையில் கழிக்கும் எம் நோயாளர் உள்ளத்திலும் பாலன் பிறக்கச் செபியுங்கள்.