கட்டியைக் கீறுமுன் ஊசிமுனைச் சோதனை

கண்மாய்ப் பாசனத்தையும் மானாவாரியையும் நம்பியுள்ள புதுக்கோட்டை மாவட்டத்தில், மழை பொய்க்கும் ஆண்டுகளில் சிறு விவசாயியின் குடும்பத்தைத் தாங்குவது கொட்டிலில் நிற்கும் ஒன்றிரண்டு மாடுகளே. அந்த மாட்டின் உடலில் கட்டி தோன்றினால் சூடு போடுவதும், கத்தியால் கீறிவிடுவதும் பல ஊர்களில் வழக்கமாக உள்ளது. எல்லாக் கட்டிகளும் சீழ்க்கட்டிகள் அல்ல. ஆகவே கட்டியின் தன்மையை அறிந்த பின்னரே சிகிச்சை செய்ய வேண்டும்.

சோதனை முறை

கால்நடை மருத்துவர் கட்டியைத் தடவிப் பார்த்து, தோலைச் சுத்தம் செய்து, மெல்லிய ஊசியால் உள்ளிருப்பதைச் சிறிதளவு உறிஞ்சி எடுப்பார். அதைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி உலர்த்தி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்.

வெள்ளை அணுக்கள் திரளாக இருந்தால் அது அழற்சி. அவ்வணுக்களுக்குள் நுண்ணுயிர்களும் தென்பட்டால் கிருமி தொற்றிய சீழ்க்கட்டி. இது பழுத்தபின் கீறிச் சீழை வெளியேற்றலாம். ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கு முட்டுப்பட்டு உண்டாகும் வீக்கத்தில் பெரும்பாலும் இரத்தமே இருக்கும். இதை உடனே கீறினால் இரத்தப்போக்கை நிறுத்துவது கடினம். கன்றின் தொப்புள் வீக்கம் குடலிறக்கமாகவும் இருக்கலாம்; கத்தி பட்டால் குடலே அறுபடும்.

அணுக்கள் பெரிதும் சிறிதுமாக ஒழுங்கற்று, அவற்றின் உட்கருக்கள் பருத்துக் காணப்பட்டால் புற்றுநோய் என ஐயுற வேண்டும். கெட்டியான கட்டிகளில் ஊசிக்குப் போதிய அணுக்கள் கிடைப்பதில்லை. அப்போது சிறு சதைத்துண்டை எடுத்துச் சோதிப்பது அவசியம்.

கொம்புப் புற்று

இந்நோய் நம் நாட்டில் காயடித்த எருதுகளையே அதிகம் தாக்குகிறது. எருது அடிக்கடி தலையை உதறும்; கொம்பைத் தேய்க்கும்; ஒரு பக்க நாசியில் மட்டும் இரத்தம் கலந்த சளி வடியும்; பின்னர் கொம்பு சாயும். கொம்பு சாயும்வரை காத்திருத்தல் கூடாது.

உண்ணி பரப்பும் நோய்

கலப்பினப் பசுவுக்குக் கடுங்காய்ச்சலுடன் தோளுக்கு முன்புறம் கட்டி திரண்டால் அது தைலேரியா நோயாக இருக்கலாம். அங்கு வீங்குவது நிணநீர்ச் சுரப்பி. அதைக் கீறுவதில் பயனில்லை. ஊசியில் எடுத்த மாதிரியின் அணுக்களுக்குள் ‘கோக் நீல உருண்டைகள்’ தென்பட்டால் நோய் உறுதி. தொடக்கத்திலேயே புபார்வாகோன் ஊசி போட்டால் பெரும்பாலும் பசுவைக் காப்பாற்றலாம். உண்ணிகளை ஒழிப்பதே தடுப்பு முறை.

அடைப்பான்: எச்சரிக்கை

அந்த உருண்டைகளுக்குப் பெயர் தந்த ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் கோக், 1876-ல் அடைப்பான் நோய்க்குக் காரணமான கிருமியை நிறுவிக் காட்டினார். மாடு திடீரென இறந்து, வாய், மூக்கு, ஆசனவாயில் உறையாத இரத்தம் வடிந்தால் உடலை அறுக்கவோ தோலை உரிக்கவோ கூடாது. மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கும் நோய் இது. மருத்துவருக்குத் தகவல் கொடுத்தால் காது நரம்பிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதிப்பார். உடலை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

எங்கு அணுகலாம்?

முதலில் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுக வேண்டும். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் கந்தர்வகோட்டை, கறம்பக்குடி வட்டாரத்தினர், தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் 2012-ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் செல்லலாம். செல்லுமுன் கட்டியின்மேல் சுண்ணாம்போ மருந்தோ பூசாதிருந்தால் சோதனை முடிவு தெளிவாகக் கிடைக்கும். கட்டி எப்போது தோன்றியது, எவ்வளவு விரைவாக வளர்ந்தது, மாடு தீவனம் எடுக்கிறதா என்பவற்றை மருத்துவரிடம் சொல்வது நோயறிய மிகவும் உதவும்.