உஷார்! டிராக்கில் முதலில் வேகுவது கியர்பாக்ஸ்தான்

ஞாயிற்றுக்கிழமை டிராக் டே. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ சொந்த ஆட்டோமேட்டிக் காரிலேயே கிளம்புகிறீர்கள். பெட்ரோல் நிரப்பியாச்சு, டயரில் காற்று பார்த்தாச்சு, ஹெல்மெட்டும் வாங்கியாச்சு. கியர்பாக்ஸைப் பார்த்தீர்களா?

நண்பர் ஒருவரின் சிவிடி காருக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான்காவது சுற்று, நேர்ப்பாதை. ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்திருக்கிறார். காரோ மாட்டுவண்டி மாதிரி ஊர்கிறது. கியர்பாக்ஸ் கொதித்ததால் கம்ப்யூட்டரே பவரைக் குறைத்துவிட்டது. பின்னால் பறந்து வந்தவர் மயிரிழையில் ஒதுங்கினார். அன்று தப்பியது யார் செய்த புண்ணியமோ!

ஆட்டோமேட்டிக் என்பது ஒரே பெயர், உள்ளே இருப்பது நாலு விதமான இயந்திரம். ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிக்கும் வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. கியர் மாறும்போதெல்லாம் இழுவை அறுந்து, வளைவில் கார் தலையாட்டும். சிவிடியில் இரண்டு புல்லிக்கு நடுவே ஒரு ஸ்டீல் பெல்ட். அது ஒருமுறை வழுக்கினால் புல்லியில் கீறல் விழும், பிறகு சரியாகாது.

மூன்றாவது, இரட்டைக் கிளட்ச் கொண்ட டிசிடி. இதில் உலர் கிளட்ச், எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் என இரண்டு ரகம். ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் டிக்யூ200 உலர் ரகம். அதன் தாங்குதிறன் 250 நியூட்டன் மீட்டர். இங்கே அதோடு வரும் 1.5 டிஎஸ்ஐ இன்ஜின், கம்பெனியிலிருந்து வரும்போதே அந்த 250-ஐத் தருகிறது. ‘ரீமேப் பண்ணுங்க ப்ரோ, காசுக்கு மேல பவர்’ என்று யாராவது ஆசை காட்டினால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நான்காவது, பழைய டார்க் கன்வர்ட்டர். முரட்டு உழைப்பாளி, ஆனால் லாக்-அப் ஆகாத நேரமெல்லாம் எண்ணெயைக் கடைந்துகொண்டே இருக்கும். கடையக் கடையச் சூடு.

டிராக்குக்கென்றே கார் தேடுபவருக்கு என் சிபாரிசு டார்க் கன்வர்ட்டர் அல்லது எண்ணெய்க் கிளட்ச் டிசிடி. அதையும் அப்படியே ஓட்டக் கூடாது. சாதாரண ஓட்டத்தில் கியர் ஆயில் 80 முதல் 95 டிகிரி வரை இருக்கும். 120-ஐத் தாண்டினால் மளமளவென்று கெடும். ஓபிடி ஸ்கேனர் மாட்டி அந்த வெப்பநிலையைக் கண்ணெதிரே வையுங்கள். தனி ஆயில் கூலர் போடுங்கள். ‘லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்பது ஆபீஸ் போய்வரும் காருக்குச் சொன்னது. டிராக் காருக்கு இல்லை. ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். தெளிவாக இருந்தால் சரி. காப்பி நிறமாகித் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தேய்கிறது. ஆயில் அளவை, கம்பெனி சொன்ன வெப்பநிலையில் மட்டும் பார்க்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் நுரைத்து, குறைவாக ஊற்றியது போலவே கெடுக்கும்.

ஓட்டும்போதும் கவனம் தேவை. வளைவின் நடுவில் தானாகக் கியர் இறங்கினால் கார் நிலைகுலையும். மேனுவல் மோடில் வைத்து, பிரேக் பிடிக்கும்போதே கியரை இறக்கிவிடுங்கள். பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்து மிதித்துப் பாய்கிற வித்தை வேண்டாம். ஓட்டி முடித்ததும் உடனே ஆஃப் செய்யாமல், ஒரு சுற்று மெதுவாக வந்து ஆற விடுங்கள். நடுவழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. இன்ஜின் ஓடாவிட்டால் பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகளில் ஆயில் பம்ப்பும் ஓடாது. சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே காய்ந்தே தேயும். பிளாட்பெட் லாரியைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, இன்றிரவே இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து, ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பகுதியைப் படியுங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இரண்டும் விலக்குப் பட்டியலில் இருக்கும். டிராக்கில் வெந்த கியர்பாக்ஸுக்குப் பணம் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.