பின் சீட்டுக்கு என்ன மிச்சம்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தரமணி டைடல் பார்க் அருகே நின்று பார்த்தால், வார நாட்களில் ஊர்ந்து நகரும் அதே ராஜீவ் காந்தி சாலையா இது என்று சந்தேகம் வரும். வேளச்சேரிப் பக்கமிருந்தும் அடையாறு பக்கமிருந்தும் இரண்டும் மூன்றுமாக பைக்குகள் வந்து சேர்கின்றன. திருவான்மியூரைத் தாண்டி ஈசிஆர் எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துவிட்டால் மாமல்லபுரத்தில் இட்லி, வடை, காபி; கொஞ்சம் தாராளமான நாளென்றால் புதுச்சேரி. ஓட்டுபவர் முகம் முழுக்க மூடிய ஹெல்மெட் போட்டிருக்கிறார். தோளிலும் முழங்கையிலும் தடித்த பட்டை வைத்த ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ். பின் சீட் காலி, அல்லது அதில் ஒரு பை கட்டியிருக்கிறது. இதே வண்டி திங்கட்கிழமை காலை எட்டரைக்குத் தரமணி – வேளச்சேரி இணைப்புச் சாலையில் வரும். டேங்க் மேல் யூனிஃபார்மில் பிள்ளை, பின்னால் ஒரு பக்கமாகக் கால்போட்டு உட்கார்ந்த மனைவி, அவர் மடியில் ஸ்கூல் பையும் லஞ்ச் கூடையும். ஜாக்கெட் வீட்டு ஆணியில் தொங்குகிறது. மூன்று தலைகளுக்கு ஒரே ஹெல்மெட்; அது ஓட்டுபவர் தலையில்.

வீட்டில் சண்டை வருவதென்னவோ ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். 'குழந்தை குட்டின்னு ஆன பிறகும் பைக்கு என்ன வேண்டியிருக்கு?' என்று மாமியார் தொடங்கி வைப்பார். 'ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?' என்று மனைவி முடிப்பார். திங்கட்கிழமை சவாரியைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. வழக்கைத் தவறான கிழமையில் நடத்துகிறார்கள் என்பதுதான் என் கட்சி. பைக் மீதுள்ள பிரியம் குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்பதை முன் சீட்டை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பாதுகாப்பு, பணம், நேரம் என்று எந்தக் கணக்கை எடுத்தாலும் அதில் பின் சீட்டில் இருப்பவருக்கு ஓட்டுபவர் என்ன மிச்சம் வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

நம் ஊரில் மோட்டார் சைக்கிள் குடும்ப வண்டியாகவே வளர்ந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து புல்லட் தயாரிக்கத் தொடங்கியபோது முதலில் கண்ணில் இருந்தது ராணுவத்தின் தேவை. ஆனால் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வெளியே வந்த வண்டிகள் சீக்கிரமே அரிசி மூட்டையையும் அக்கா தங்கையையும் ஏற்றிக்கொண்டு போயின. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, இரண்டு பேர் போகக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட். அந்த வண்டியின் பெருமையே அதன் இரண்டாவது இடத்தில்தான் இருந்தது. தனியாகக் கிளம்பிப் போவதை ஒரு பொழுதுபோக்காக, ஏறக்குறைய ஒரு விரதமாகக் கொண்டாடும் பழக்கம் பின்னால் வந்தது. தகவல் தொழில்நுட்பச் சம்பளமும் நல்ல சாலையும் அதைப் பரப்பின. வண்டியின் உருவமும் அதற்கேற்ப மாறியது. சில மாடல்கள் ஸ்பிரிங் வைத்த ஒற்றைச் சீட்டோடு வந்தன. சிலவற்றில் பின் சீட் ஒரு முக்காலிப் பலகை அகலத்துக்குச் சுருங்கி, பின்சக்கரத்துக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. முன்னால் இருப்பவருக்கு சொகுசு, பின்னால் இருப்பவருக்கு சர்க்கஸ்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. மொத்தத்தில் ஏறக்குறைய 45 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். இந்தக் கடைசி எண்ணில் சற்று நிற்க வேண்டும். ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் இவர்கள் கையில் இல்லை. முன்னால் என்ன வருகிறது என்பதுகூட இவர்களுக்குச் சரியாகத் தெரியாது; ஓட்டுபவரின் முதுகுதான் தெரியும். திடீரென்று பிரேக் பிடித்தால், ஓட்டுபவருக்கு ஹேண்டில்பார் இருக்கிறது, தொடைகளால் டேங்கை அழுத்திக்கொள்ளலாம். ஒரு பக்கமாக உட்கார்ந்தவருக்குப் பிடிக்க ஒரு தோள், மிதிக்க ஒரு கம்பி, அவ்வளவுதான். ஹெல்மெட் தலைக்காயத்தின் ஆபத்தை 69 சதவீதமும் மரண ஆபத்தை 42 சதவீதமும் குறைக்கிறது என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை 2008-இல் சொன்னது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயமானபோதே அது பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்துத்தான். ஆனால் பின்னால் இருப்பவர்களைக் குறிவைத்து சென்னைப் போக்குவரத்து போலீஸார் தனிச் சோதனையில் இறங்கியது 2022 மே 23-இல். காகிதத்திலிருந்து பின் சீட்டுக்கு வந்து சேர சட்டத்துக்கே ஏழு வருடம் பிடித்திருக்கிறது.

'அதெல்லாம் சரி, ஞாயிறு போவது வேண்டாத ஆபத்து, திங்கள் போவது பிழைப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?' என்று கேட்பது நியாயமான கேள்வி. ஈசிஆரில் நூறைத் தாண்டிப் போகிறவருக்காக நான் வாதாடவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. ஐம்பதில் போகிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொடும் ஒரு நொடிக்குள் 14 மீட்டர் போய்விடுகிறார், நூறில் போகிறவர் 28 மீட்டர். சென்னை மாநகருக்குள் இரு சக்கர வாகனத்துக்கு மணிக்கு 50 கிலோமீட்டர்தான் உச்சம் என்று 2023 நவம்பர் முதல் விதியே இருக்கிறது. ரேஸ் விட ஆசைப்படுகிறவருக்கு இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே பந்தயத் தடம் இருக்கிறது. ஆனால் அளவான வேகத்தில், முழுக் கவசத்தில், நன்றாகத் தூங்கி எழுந்து, வருடத்துக்கு இருபது முப்பது முறை போகும் ஞாயிறு சவாரி ஒரு பக்கம். வருடத்துக்கு இருநூறு நாள், அவசரத்தில், பேருந்துக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில், கவசமே இல்லாத இரண்டு பேரைச் சுமந்து போகும் சவாரி இன்னொரு பக்கம். பிழைப்புக்காகப் போகிறோம் என்பதால் தார்ச்சாலை இளகிக் கொடுக்காது. மெனக்கெட்டு ஆயிரம் ஆயிரமாகச் செலவழித்து ஜாக்கெட் வாங்கியவருக்கு விழுந்தால் என்ன ஆகும் என்று தெரியாமல் இல்லை. தெரிந்த விஷயம் வார நாட்களில் மறந்துபோவதுதான் குறை.

குழந்தை விஷயத்தில் சட்டம் பலர் நினைப்பதைவிடக் கறாரானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு, ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் அளவான ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக்கூடாது என்ற விதி 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு ஓராண்டு அவகாசத்துக்குப் பின் நடைமுறைக்கு வந்தது. பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பழைய சட்டம். டேங்க் மேல் பிள்ளை உட்காருவது எந்தப் பிரிவிலும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது அந்தப் பிள்ளைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் இருப்பது ஒரு சாண் காற்று மட்டுமே.

யாரும் பேசாத கணக்கு இன்ஷூரன்ஸ். 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த அழுத்தத்தைத் தொடர்ந்து, வண்டியைச் சொந்தமாக வைத்து ஓட்டுபவருக்கான விபத்துக் காப்பீட்டை இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2018 செப்டம்பரில் 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இரு சக்கர வாகனக்காரருக்கு அதுவரை வெறும் ஒரு லட்சம். நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தப் பதினைந்து லட்சம் முன் சீட்டுக்கு உரியது. பின்னால் இருப்பவர் நிலை என்ன? சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த திலக் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சட்டம் கேட்கும் குறைந்தபட்ச பாலிசி மட்டும் இருந்தால், ஸ்கூட்டரின் பின்னால் கட்டணமின்றிப் பயணித்தவருக்கு ஏற்படும் இழப்புக்கு காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல. வண்டிச் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் முழு பாலிசி இருந்தால் நிலைமை வேறு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், 2018 செப்டம்பர் முதல் புதிய வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். முழு பாலிசியின் மிச்சப் பகுதியைப் பெரும்பாலோர் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. 'அதான் அஞ்சு வருஷத்துக்கு இருக்கே' என்று அதை விட்டுவிட்டால், மனைவி உட்காரும் இடம் சத்தமில்லாமல் காப்பீட்டிலிருந்து கழன்று விழுந்துவிடுகிறது. பின்னால் பயணிப்பவருக்கு எனத் தனியாகச் சேர்க்கும் விபத்துக் காப்பீட்டின் பிரீமியம் சொற்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் பேசவே வேண்டியதில்லை.

அடுத்தது நேரம். இதில்தான் பைக் பிரியர்களின் வாதம் பலவீனமானது. 'ஒன்பதரைக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேனே, யார் நேரத்தைத் திருடினேன்?' என்பார்கள். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார். ஆண் 97 நிமிடம். அப்படி ஈடுபடுகிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான், பெண்கள் 81 பேர். இந்தப் பின்னணியில் ஞாயிறு காலை நான்கு மணி நேரம் காற்றில் இருந்து வரவில்லை. பாலைக் காய்ச்சி, பிள்ளையை எழுப்பி, மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் இன்னொருவருடைய நேரத்திலிருந்து வந்தது. ஆகவே 'ஆபத்து' என்று மனைவி சொல்லும் சொல்லுக்குள் 'எனக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு காலை இல்லை' என்ற கேள்வி பதுங்கியிருக்க நிறைய வாய்ப்புண்டு. ஹெல்மெட்டின் தரத்தை விளக்கி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. அடுத்த ஞாயிறு அதே நான்கு மணி நேரம் அவர் பெயரில் எழுதப்பட வேண்டும். அவர் அதில் கபாலி கோயிலுக்குப் போகிறாரா, எலியட்ஸ் கடற்கரையில் நடக்கிறாரா, போர்த்திக்கொண்டு தூங்குகிறாரா என்பது அவர் பாடு.

'பைக் ஓட்டினால்தான் மனசு லேசாகிறது, அது குடும்பத்துக்கும் நல்லதுதானே' என்பது இன்னொரு வாதம். இதற்கு ஆதாரமாகக் கலிபோர்னியாவில் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் நடத்திய ஓர் ஆய்வை எடுத்து நீட்டுவார்கள்: இருபது நிமிடம் பைக் ஓட்டியவர்களிடம் மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் அளவு 28 சதவீதம் குறைந்ததாம். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஹார்லி டேவிட்சன் நிறுவனம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். பணம் கொடுத்தவரை வைத்தே முடிவைத் தள்ளிவிட வேண்டியதில்லை; கவனம் முழுவதையும் கேட்கிற ஒரு வேலை, வாரம் முழுக்கத் திரையைப் பார்த்துக் களைத்த தலையைத் துலக்கிவிடும் என்பது நம்பக்கூடியதே. ஆனால் அது உண்மையென்றால் வீட்டில் இன்னொரு தலையும் அதே வாரத்தைக் கடந்திருக்கிறது. அந்த மருந்தை ஒருவர் மட்டும் குடித்தால் போதுமா?

பின் சீட் எப்போதும் பெண்ணுக்குத்தான் என்று இருந்த காலமும் கரைந்து வருகிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை மானியம் தந்த அம்மா இரு சக்கர வாகனத் திட்டம் 2018 பிப்ரவரி 24-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. இன்று தரமணி அலுவலக வாசல்களில் ஸ்கூட்டரை நிறுத்தும் பெண்களைப் பார்த்தால், வண்டிச் சாவி யார் கையில் என்ற கேள்விக்குப் பழைய பதில் செல்லாது. அப்படி அவர் ஓட்டி, கணவர் பின்னால் ஏறும் நாளில் கணவருக்கும் ஒரு ஹெல்மெட் தேவைப்படுகிறது. அன்றைக்குப் பாருங்கள், இரண்டாவது ஹெல்மெட்டை எங்கே மாட்டுவது என்ற பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும்.

பைக்கை நேசிப்பவருக்கு இதெல்லாம் புதுப் பாடமல்ல, வண்டியோடு வந்த கையேட்டிலேயே இருக்கிறது. பின் டயரின் காற்றழுத்தத்துக்குத் தனியாகப் போக ஓர் எண், இருவராகப் போக ஓர் எண் என்று அச்சடித்திருக்கும். பின் ஷாக் அப்சார்பரை ஆள் பாரத்துக்கு ஏற்ப இறுக்கிக்கொள்ள படிகளும் பல வண்டிகளில் உண்டு. ஈசிஆருக்குப் போகும் முன் காற்றை இரண்டு முறை சரிபார்ப்பவர், ஞாயிறு இரவு அந்த இரண்டாவது எண்ணுக்கு மாற்றுவது அபூர்வம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் இருப்பவர் பிடிக்கக் கைப்பிடி, கால் வைக்கக் கம்பி, புடவையோ துப்பட்டாவோ சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு, இவை மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தடுப்புக்கு ஊரில் பெயர் சாரி கார்டு. ஷோரூமிலிருந்து வந்த வாரமே, பார்க்க லட்சணமாக இல்லை என்று முதலில் கழற்றப்படுவது அதுதான். அப்படிக் கழன்றவை மெக்கானிக் கடை மூலைகளில், பழைய செயினுக்கும் டியூபுக்கும் நடுவே துருப்பிடித்துக் கிடக்கும். கேட்டால் உங்கள் வண்டிக்கானதைத் தேடியெடுத்து, துடைத்து, இரண்டு போல்ட் போட்டு மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். பத்து நிமிட வேலை.